பாட்டு வாத்தியார்களின் ஊர்

எனக்குச் சங்கீதம் தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லும் பேச்சு இல்லை இது. என்னோடு ஒரு தடவை கச்சேரிக்கு வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் தொடையில் போடும் தாளத்தைப் பார்த்தவர்கள் மறு தடவை வருவதில்லை. இது என் நண்பர் வட்டாரத்தில் தெரிந்த சங்கதி. அப்படிப்பட்டவனைத் தேடிக்கொண்டு திருவொற்றியூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தங்கள் பள்ளியில் 31 வருஷம் வேலை பார்த்த பாட்டு டீச்சர் ஓய்வு பெறுகிறார். பாராட்டு விழாவுக்கு நான் தலைமை தாங்க வேண்டும் என்றார்கள்.

“சங்கீத வித்வான் யாரையாவது கூப்பிடக் கூடாதா?” என்றேன்.

“கூப்பிட்டோம் சார். அன்னிக்கு அவங்க எல்லாருக்குமே கச்சேரி இருக்காம்” என்று ஒருவர் உண்மையை உடைத்துவிட்டார். இன்னொருவர் அவரை முழங்கையால் இடித்தது என் கண்ணில் படாமல் இல்லை.

ஒப்புக்கொண்டேன். காரணம் உண்டு. சிறு பையனாக ராயபுரத்தில் படித்தபோது எங்களுக்கும் ஒரு பாட்டு வாத்தியார் இருந்தார். ஆண்டு விழா ஒத்திகையில் அவர் என்னை மூன்றாம் வரிசைக்கு அனுப்பி, “நீ வாயை மட்டும் அசைத்தால் போதும், சத்தம் வர வேண்டாம்” என்று உத்தரவு போட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் கிட்டே வந்து, “கேட்பதற்கும் ஆள் வேண்டுமடா” என்றார். சமாதானத்துக்காகச் சொன்னது என்று அன்று நினைத்தேன். கேட்கிற தொழிலில்தான் நான் கடைசியில் பிழைத்தேன். மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக் கதை எழுதுவதற்கு வேறு என்ன பெயர்? அவருக்கு யாரும் பாராட்டு விழா நடத்தவில்லை. அந்தக் கடனைத் தீர்க்க ஒரு சந்தர்ப்பம் என்று புறப்பட்டேன்.

வட சென்னைக்கு இப்போது மெட்ரோ ரயிலில் சுகமாகப் போகலாம். 2021-இல் விம்கோ நகர் வரை நீட்டினார்கள். பூமிக்கு அடியிலே போகிற வண்டி ஓரிடத்தில் ஆகாயத்துக்கு ஏறிவிடுகிறது. வலப் பக்கம் கடல். இடப் பக்கம் தொழிற்சாலைக் கூரைகள். கீழே எண்ணூர்த் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. “அடுத்த நிலையம் காலாடிப்பேட்டை” என்று ஒரு பெண் குரல் அறிவித்தது. வண்டியில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிமிர்ந்து பார்க்க வேண்டிய பெயர்தான் அது. அதற்குப் பிறகு வருகிறேன்.

விழாவில் எனக்குக் கிடைத்தது ஏழு நிமிஷம். வட்டம், கவுன்சிலர், பழைய மாணவர் சங்கம் என்று எல்லோரும் பேசி முடித்தபோது சாமியானாவுக்குச் சொந்தக்காரர் வந்து நின்றுவிட்டார். ஆகையால் மேடையில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

விழா ஆரம்பத்தில், எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் பெண் ஒருத்தி மேடைக்கு வந்தாள். இரட்டைச் சடை, சீருடை, காலில் ரப்பர் செருப்பு. சுருதிப் பெட்டியை டீச்சரே வைத்துக்கொண்டார். கடவுள் வாழ்த்து முடிந்ததும் அந்தப் பெண் ஒரு வர்ணம் பாடினாள். பேகடை ராகம், ஆதி தாளம் என்று டீச்சர் என் காதில் சொன்னார். வெளியே லாரி ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்ணோ அதைப் பொருட்படுத்தாமல், முதலில் நிதானமாகவும் பிறகு அதையே இரட்டை வேகத்திலும் பாடி முடித்தாள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

“இது என்ன பாட்டு, அம்மா?” என்று கேட்டேன்.

“‘இந்த சல’ சார்.”

“அப்படியென்றால் என்ன அர்த்தம்?”

அவள் டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். டீச்சர் சொன்னார்: “ஆறாவது படிக்கறப்ப இவ, இது தண்ணியைப் பத்தின பாட்டுன்னு நினைச்சிட்டிருந்தா சார். ‘இந்த ஜலம்’னு. எங்க ஏரியாவிலே தண்ணி லாரி வராத நாளிலே பாடற பாட்டுன்னு கிளாஸ்லே எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க.”

தெலுங்கில் அதற்கு ‘இவ்வளவு பிடிவாதமா?’ என்கிற பொருள். “யார் பண்ணினது தெரியுமா?” என்று எதிரில் இருந்த பிள்ளைகளைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. ஆசிரியர்களுக்கும் தெரியவில்லை. டீச்சர்தான் தணிந்த குரலில், “இந்த ஊர்க்காரர்தான் சார்” என்றார்.

அவர் சொன்னது உண்மை. பேகடை வர்ணத்தைச் செய்தவர் வீணை குப்பையர். 1798-இல் பிறந்து 1860-இல் காலமானவர். ஊர் திருவொற்றியூர். எங்கே கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறார்களோ, அது மயிலாப்பூராக இருந்தாலும் சரி, யாழ்ப்பாணமாக இருந்தாலும் சரி, சிங்கப்பூராக இருந்தாலும் சரி, அங்கே சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் எல்லாம் தாண்டி வந்த பிள்ளை ஒன்று இந்த மனிதர் செய்த வர்ணத்தில் ஒன்றையாவது மென்று கொண்டிருக்கும். சங்கராபரணத்தில் ஒன்று, ரீதிகௌளையில் ஒன்று, நாராயணகௌளையில் ஒன்று. அந்தக் கடைசி ராகத்தில் அவருக்கு இருந்த பிடியைப் பார்த்து ‘நாராயணகௌளை குப்பையர்’ என்றே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். பாட்டுகளில் அவர் வைத்த முத்திரை ‘கோபாலதாஸ’.

வர்ணம் என்பது என்ன என்று என்னைப் போன்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கச்சேரி மேடையில் வித்வான் முதல் உருப்படியாக ஒரு வர்ணத்தைப் பாடித் தொண்டையைச் சரிசெய்துகொள்வார். நாம் அப்போதுதான் நாற்காலி தேடிக்கொண்டிருப்போம். ஆனால் வர்ணம் செய்யப்பட்டது நமக்காக அல்ல, மாணாக்கனுக்காக. ஒரு ராகத்தை எங்கே நீட்ட வேண்டும், எங்கே அசைக்க வேண்டும், எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரத்துக்கு நேரே போகக் கூடாது என்பதையெல்லாம் விதியாகச் சொல்லாமல், பாட்டாகவே கட்டி வைத்துவிடுவது அது. பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், அப்புறம் சரணம், அதைத் தொடர்ந்து வரும் சிட்டை ஸ்வரங்கள். வார்த்தை கொஞ்சம், ஸ்வரமும் அகாரமும்தான் அதிகம். இரண்டு காலத்திலும் பிசகாமல் பாட வந்துவிட்டால் ராகம் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். இலக்கணப் புத்தகத்தையே ஒரு கதையாக எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படி. அதிலும் பேகடை சாமானியமான ராகம் அல்லவாம். அதன் மத்யமமும் நிஷாதமும் ஏட்டில் எழுதிக் காட்டுகிற இடத்தில் நிற்பதில்லை. வாயால் பாடிக் காட்டினால்தான் உண்டு.

ஆகவே நல்ல வர்ணம் செய்கிறவன் நல்ல வாத்தியாராக இருந்தே தீரவேண்டும். கீர்த்தனம் செய்கிறவருக்குத் தெய்வம் எதிரில் இருந்தால் போதும். வர்ணம் செய்கிறவருக்கு எதிரில் ஒரு பையன் உட்கார்ந்திருக்க வேண்டும். நேற்றுச் சொன்ன இடத்தில் இன்றைக்கும் தப்பு விடுகிற பையன். ‘இவ்வளவு பிடிவாதமா?’ என்று குப்பையர் யாரைப் பார்த்துக் கேட்டிருப்பார் என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. நாயகி நாயகனைக் கேட்பதாகத்தான் பாட்டு. போகட்டும்.

குப்பையர் திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகளின் சீடர். தியாகராஜருடைய பாட்டுகள் நமக்குக் கிடைத்தது உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாப்பேட்டைச் சீடர்களின் வழியாக என்று எல்லோரும் சொல்வார்கள். பட்டணத்துக்கு அந்தச் சங்கீதம் வந்து வேரூன்றியதற்குத் திருவொற்றியூர்ச் சீடர் ஒரு காரணம். 1839 வாக்கில், எழுபது வயது தாண்டிய தியாகராஜர் தம் வாழ்நாளின் ஒரே பெரிய யாத்திரையைச் செய்தார். காஞ்சீபுரம், திருப்பதி, கோவூர், சென்னை. ஊரை விட்டு நகர விரும்பாத மனிதர், சரபோஜி மகாராஜா அழைத்தே போகாதவர் என்று பெயர் பெற்றவர், சீடன் வீட்டுக்காகத் திருவொற்றியூர் வரை வந்தார். அங்கே திரிபுரசுந்தரி என்கிற வடிவுடையம்மன்மேல் கல்யாணி, பேகடை, ஆரபி, சுத்த சாவேரி, சாவேரி என்று ஐந்து ராகங்களில் ஐந்து கீர்த்தனங்கள் செய்தார். திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்பது அதுதான்.

பேகடை அதிலும் இருக்கிறது, கவனித்தீர்களா? குருவும் சீடரும் ஒரே ராகத்தை ஒரே ஊரில் கையாண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு நாவலாசிரியனின் சபலத்தைச் சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டுகளில்தான் ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவிலிருந்து ஓர் இளைஞர் அந்த அம்மன் சன்னிதிக்கு நடந்தே வந்து கொண்டிருந்தார். பெயர் ராமலிங்கம். பிற்காலத்தில் வள்ளலார் என்று உலகம் அறிந்தவர். வடிவுடையம்மன்மேல் அவர் பாடிய மாலையைத் தமிழர்கள் அறிவார்கள். ஒரே பிராகாரம், ஒரு பக்கம் தெலுங்குக் கீர்த்தனம், ஒரு பக்கம் தமிழ்ப் பாட்டு, கோயில் மூலவருக்குத் துணையாக வீற்றிருக்கும் சுவாமியின் திருநாமமோ தியாகராஜர். சரித்திரம் எழுதுகிறவர் இதற்கு மேல் போகக் கூடாது. நானும் போகவில்லை.

1845-இல் குப்பையருக்கு மகன் பிறந்தபோது என்ன பெயர் வைத்திருப்பார் என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. ஊர்ச் சுவாமியின் பெயரும் அதுவே. குருவின் பெயரும் அதுவே. திருவொற்றியூர் தியாகையர் என்று சங்கீத உலகம் அழைத்தது அந்தப் பிள்ளையைத்தான். தகப்பனார் போனபோது பையனுக்கு வயது பதினைந்து. பதினைந்து வயதில் எவ்வளவு பாடம் ஆகியிருக்கும்? ஆனால் குப்பையர் தம் சீடர்களை நிறையப் பேராக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். பிடில் பொன்னுசாமி போன்றவர்கள் அவர் பரம்பரை. தியாகையரும் சிறந்த வாத்தியாராகவும் வர்ணகர்த்தாவாகவும் வந்தார். சஹானாவில் ‘கருணிம்ப’, தர்பாரில் ‘சலமேல’ இரண்டும் அவர் செய்தவை. தகப்பனாரைப் போலவே மகனுக்கும் ‘சல’த்தில் ஒரு பிரியம் இருந்திருக்கிறது. பிடிவாதக்காரக் குடும்பம்.

1900-இல் தியாகையர் ஒரு காரியம் செய்தார். தம் தகப்பனார் செய்த உருப்படிகளையும் தம்முடையவற்றையும் ஸ்வரப்படுத்தி, தெலுங்கு லிபியில் ‘பல்லவி ஸ்வர கல்பவல்லி’ என்று புத்தகமாக அச்சிட்டார். இன்றைக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தில் பாடாந்தரம் என்பது குடும்பச் சொத்து. குருவின் வீட்டில் தண்ணீர் இறைத்து, விறகு உடைத்து, வருஷக் கணக்கில் காத்திருந்தவனுக்குத்தான் அது கிடைக்கும். அவனும் அதைச் சுலபத்தில் பிறருக்குக் கொடுத்துவிட மாட்டான். அப்படிப்பட்ட சொத்தை விலை போட்டுக் கடையில் வைத்தது அந்த மனிதருடைய துணிச்சல். அவர் செய்திராவிட்டால், அந்த இரட்டைச் சடைப் பெண்ணின் வாய்க்கு அந்தப் பேகடை வந்து சேர்ந்திருக்குமோ என்னவோ! 1917-இல் தியாகையர் மறைந்தார்.

இந்த ஊர்ப் பக்கத்துக்கு வாத்தியார் ராசி அதற்கும் முன்னாலேயே உண்டு. திருவொற்றியூருக்கு மேற்கே மணலி. இன்று மணலி என்றால் 1969-இல் ஓடத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதன் தீ நாக்கும்தான் நினைவு வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே முத்துகிருஷ்ண முதலியார் என்கிற பிரபு, பிறகு அவர் மகன் சின்னையா முதலியார், இருவரும் ஆதரிக்க, ராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஹம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவர். அவருடைய மூத்த பிள்ளை முத்துசாமி தீட்சிதர். இளையவர் பாலுசாமி, கோட்டையில் வெள்ளைக்காரர்கள் வாசித்த பாண்டு வாத்தியத்தில் மனம் பறிகொடுத்தார். சின்னையா முதலியார் ஓர் ஐரோப்பிய வாத்தியக்காரரை ஏற்பாடு செய்து பிடில் சொல்லிவைத்தார். அந்த வில்லை நம்முடைய ராகத்துக்கு வளைத்த முதல் கைகளில் ஒன்று பாலுசாமி தீட்சிதருடையது. ஊர் பேர் தெரியாத அந்த வெள்ளைக்கார வாத்தியார், தம்முடைய மாணாக்கன் எதைத் தொடங்கி வைத்தான் என்பது தெரியாமலேயே போயிருப்பார். இன்று பிடில் இல்லாமல் ஒரு கச்சேரி உண்டா?

இனிக் காலாடிப்பேட்டை. பெயரைக் கேட்டு, காலாட்படை தங்கின இடம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஜோசப் காலெட் என்கிற கவர்னர் 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆட்சி செய்தார். கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டைக்கு அவர் பெயர். ‘காலெட்பேட்டை’ நம் நாக்கில் காலாடிவிட்டது. அங்கே 1876-இல் பிறந்தவர் வரதாச்சாரியார். மைசூர் சமஸ்தானத்தில் கிடைத்ததாகச் சொல்லப்படும் ‘டைகர்’ பட்டத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் அவரை அடையாளம் தெரியும். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் சீடர். அந்தச் சுப்பிரமணிய ஐயருக்கோ பேகடை பாடும் திறமைக்காக ‘பேகடை சுப்பிரமணிய ஐயர்’ என்றே பெயர். பேகடை நம்மை விடுவதாக இல்லை.

டைகருக்குச் சாரீரம் கிடையாது. அவரை வணங்கியவர்களே இதை ஒளிக்கவில்லை. கரகரத்த குரல். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவர் ராகத்தில் செய்த கற்பனைகளைக் கேட்க வித்வான்கள் வந்து உட்காருவார்களாம். சீட்டு வாங்கி வருகிற ஜனங்களோ இனிமையான குரலைத் தேடிப் போவார்கள். இப்படிப்பட்டவருக்குக் காலம் ஒரு புது வாசலைத் திறந்தது. 1927-இல் சென்னையில் அகில இந்திய சங்கீத மகாநாடு கூடிற்று. மறு வருஷம் மியூசிக் அகாடமி. 1920-களின் இறுதியில் ராணி மேரிக் கல்லூரியில் சங்கீதம் பாடமாயிற்று. சங்கீதத்தைப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பாடங்களைப் போல வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று பேராசிரியர் சாம்பமூர்த்தி வாதாடிக்கொண்டும் பாடப் புத்தகங்கள் எழுதிக்கொண்டும் இருந்தார். 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் சங்கீத டிப்ளமா வகுப்புத் தொடங்கியபோது அதன் தலைமைக்கு டைகர் வந்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கடைசியில் கலாக்ஷேத்திரம். 1950-இல் காலமாகும் வரை வாத்தியார்தான்.

வகுப்பில் வைத்துச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க முடியாது என்ற கட்சி அப்போது பலமாக இருந்தது. மணி அடித்தால் ராகம் ஆரம்பம், மணி அடித்தால் ராகம் முடிவு. இது என்ன வித்தையா, விளையாட்டா என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னதில் பாதி நியாயம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் குருகுலத்தின் கதவு யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு மூடியிருந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண் எந்த குருகுலத்து வாசலில் போய் நின்றிருக்க முடியும்? மணி அடிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அவள் வரலாம்.

டைகரின் கடைசிக் காலத்து மாணாக்கர்களில் ஒருவர் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து 1944-இல் கலாக்ஷேத்திரத்துக்கு வந்த எம். டி. ராமநாதன். கனத்த குரல், அவசரம் என்பதே அறியாத பாட்டு. வேறு எந்த வாத்தியாராவது, “உன் குரலை மாற்று” என்றிருப்பார். சாரீரத்தினால் அவஸ்தைப்பட்ட வாத்தியார் அப்படிச் சொல்லவில்லை போலும். ராமநாதன் தம் பாட்டுகளில் வைத்த முத்திரை ‘வரததாஸ’. குப்பையர் பிள்ளைக்குக் குருவின் பெயரை வைத்தார். ராமநாதன் பாட்டுக்கு வைத்தார். டைகரின் சகோதரர் கே. வி. சீனிவாச ஐயங்கார் தியாகராஜ கீர்த்தனங்களை ஸ்வரப்படுத்தித் தமிழில் புத்தகங்களாக வெளியிட்டார். தியாகையர் தெலுங்கில் தொடங்கியதைக் காலாடிப்பேட்டைக்காரர் தமிழில் கொண்டுவந்தார். சாதாரணப் பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார்கள் கையில் அட்டை கிழிந்து புரண்டது இந்த மாதிரிப் புத்தகங்கள்தான்.

இத்தனையும் இந்த நாலைந்து மைல் சுற்றளவுக்குள்! ஆனால் சங்கீதம் என்றால் மயிலாப்பூர், மார்கழி என்று நாம் தீர்மானம் செய்துவிட்டோம். வட சென்னை என்றால் புகை, மீன், கன்டெய்னர். நானே ராயபுரத்துக்காரன், எனக்கே இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும்.

டீச்சரிடம் வருகிறேன். சர்க்கார் இசைக் கல்லூரியில் படித்துவிட்டு, இருபத்தொன்பதாவது வயதில் வேலைக்கு வந்தவர். மேடைக் கச்சேரி மொத்தம் நான்கு செய்திருக்கிறார். “நாலுலே ரெண்டு கல்யாணம் சார். யாரும் கேட்கலை” என்றார். வாரத்துக்கு ஒரு வகுப்புக்கு ஒரு பீரியட், நாற்பது நிமிஷம், எதிரில் ஐம்பது அறுபது பிள்ளைகள். பரீட்சை நெருங்கினால் அந்த ஒரு பீரியடையும் கணக்கு ஆசிரியர் வந்து கேட்பார். கொடுத்துவிட்டு, பகல் சாப்பாட்டு வேளையில் இஷ்டப்பட்ட பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துக்கொள்வார். சர்க்கார் நடத்துகிற ‘லோயர்’, ‘ஹையர்’ சங்கீதப் பரீட்சைகளுக்கு அந்த மரத்தடியிலிருந்து வருஷம் நாலைந்து பேரையாவது அனுப்பியிருக்கிறார். ஒரு சமயம் சுருதிப் பெட்டி பழுதாகி, வாங்கிக் கொடுக்கப் பணம் இல்லை என்று எட்டு மாதம் கிடந்ததாம். “அப்போ பக்கத்து ஃபாக்டரிலே பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும் சார். அது கிட்டத்தட்ட ஒண்ணரைக் கட்டை. அதைப் பிடிச்சுக்கோங்கன்னு சொல்லிடுவேன். சங்கு நின்னாலும் பிள்ளைங்க விடமாட்டாங்க.”

அந்தப் பிள்ளைகள் பல பேர் விழாவுக்கு வந்திருந்தார்கள். வித்வான் ஒருவரும் இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், ஸ்டான்லி ஆஸ்பத்திரி நர்ஸ், மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர், மோட்டார் சைக்கிள் ஆலைத் தொழிலாளி. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிற ஒருவர் மைக்கைப் பிடித்தார். “விடியக்காலையிலே மூணு மணி நேரம் தொடர்ந்து கத்தணும். என்கூட வந்தவனுக்கெல்லாம் தொண்டை போயிடுச்சு. எனக்குப் போகலை. வயித்திலேருந்து மூச்சு எடுன்னு டீச்சர் சொன்னாங்க; அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச சங்கீதம்” என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இறங்கிப் போகும்போது டீச்சரைப் பார்த்து, ஏலக் குரலிலேயே ‘ஸரிகம’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனார். ‘ரி’ கொஞ்சம் தாழ்ந்துவிட்டது போலிருக்கிறது. டீச்சரின் விரல் தன்னையறியாமல் மேலே உயர்ந்ததைப் பார்த்தேன்.

விழா முடிந்து, மாலைகளைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, டீச்சர் ஆபீஸ் அறைக்குப் போனார். இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, தம் பொறுப்பில் இருந்தவற்றை ஒப்படைக்க வேண்டுமாம். தம்புரா ஒன்று, தந்தி இரண்டு இல்லை. சுருதிப் பெட்டி ஒன்று. ஜால்ரா இரண்டு ஜோடி. புத்தகங்கள் பதினெட்டு. எல்லாம் சரியாக இருந்தது. யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் சரியாகவில்லை. அடுத்த பாட்டு டீச்சர் யார், எப்போது வருவார், வருவாரா என்று எவருக்கும் உத்தரவு வந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, விளையாட்டு ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பினார்கள். கைப்பந்துகளும் ஸ்கிப்பிங் கயிறுகளும் அவர் பொறுப்பில்தானே இருக்கின்றன, இதுவும் இருக்கட்டும் என்று.

அவர் இளைஞர், நல்ல பையன். கையெழுத்துப் போட்டார். சுருதிப் பெட்டியை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, “டீச்சர், இதை எப்படித் திறக்கணும்?” என்று கேட்டார்.

டீச்சர் கிளம்புவதற்காகத் தோளில் மாட்டிய பையை மறுபடியும் மேஜைமேல் வைத்தார். “உட்காருங்க சார்” என்று சொல்லி, தாமும் எதிரில் உட்கார்ந்தார். கொக்கியை விடுவித்து, அவருடைய விரல்களைப் பிடித்துத் துருத்தியின்மேல் வைத்து, “மெதுவா… அவசரப்படாதீங்க” என்றார்.

நான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். படிக்கட்டில் இறங்கும்போது பின்னால் ஷட்ஜம் கேட்டது. நடுவில் ஒரு தடவை அறுந்து, மறுபடியும் சேர்ந்துகொண்டது.